கட்டுமானப் பாதுகாப்பை நிகழ்தகவால் அளப்பது எப்படி: ஒரு பீமை வைத்துத் தொடங்குவோம்

பாதுகாப்புக் காரணி 2 என்று கணக்கில் வந்துவிட்டால் பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். சுமையைப் போல இரண்டு மடங்கு தாங்கும், அப்புறம் என்ன கவலை?

கவலைப்படக் காரணம் இருக்கிறது. ஒரு பீம் தாங்கக்கூடிய வளைவு மொமென்ட் சராசரியாக 336 கிலோநியூட்டன்-மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் வரும் மொமென்ட் சராசரியாக 171. காரணி 1.96. வேறொரு கட்டடத்தில் இதே எண்களோடு இன்னொரு பீம் இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்தான்: முதல் கட்டடத்தில் லைவ் லோடின் (ஆட்கள், பொருள்கள் என மாறிக்கொண்டே இருக்கும் சுமை) ஏற்ற இறக்கம் அதன் சராசரியில் 25%, இரண்டாவதில் 40%. பாதுகாப்புக் காரணி இரண்டுக்கும் அதே 1.96. ஆனால் மிக எளிய கணக்குப்படியே இரண்டாவது பீம் உடைவதற்கான வாய்ப்பு முதலாவதைப் போல ஏறக்குறைய 29 மடங்கு. காரணி சராசரிகளை மட்டும் பார்க்கிறது. அவற்றைச் சுற்றியுள்ள சிதறல் அதன் கண்ணில் படுவதில்லை.

அந்தச் சிதறலையும் கணக்கில் சேர்ப்பதுதான் நிகழ்தகவு முறை. 1940களில் ஆல்ஃபிரட் ஃபிராய்டென்தால் இதற்கு வழி போட்டார். 1969ல் ஆலின் கார்னெல், 1974ல் ஹசோஃபரும் லிண்டும், 1978ல் ராக்விட்ஸும் ஃபீஸ்லரும் அதைக் கையில் எடுத்துப் பயன்படுத்தும் கருவியாக்கினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் தரநிலைகளில் உள்ள பகுதிப் பாதுகாப்புக் காரணிகளுக்கு (சுமைக்கும் வலிமைக்கும் தனித்தனியே போடும் காரணிகள்) பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

சராசரி, திட்ட விலக்கம், இயல்நிலைப் பரவல் இந்த மூன்றும் தெரிந்து, ஒரு பீமுக்கு மொமென்ட் கணக்கிடத் தெரிந்தால் இந்தக் கட்டுரையை முழுக்கப் பின்தொடரலாம். ஒரு எக்செல் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். எண்களை நீங்களே போட்டுப் பார்த்தால்தான் விஷயம் மனதில் நிற்கும்.

முதல் படி: கேள்வியை எழுதுங்கள்

"இந்தக் கட்டடம் பாதுகாப்பானதா?" என்ற கேள்விக்குக் கணக்கு போட முடியாது. எந்த உறுப்பு, எந்த வகைத் தோல்வி, எத்தனை ஆண்டுக் காலத்துக்குள் என்ற மூன்றும் கேள்விக்குள் வர வேண்டும். நம் கேள்வி இது: 6 மீட்டர் நீளமுள்ள, இரு முனையிலும் எளிமையாகத் தாங்கப்பட்ட ஸ்டீல் பீம் ஒன்று அடுத்த 50 ஆண்டுகளில் வளைவினால் தோற்க எவ்வளவு வாய்ப்பு?

காலத்தை விட்டுவிடாதீர்கள். 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் காற்று என்கிறோமே, அது எந்த ஓர் ஆண்டிலும் மீறப்பட 2% வாய்ப்புள்ள காற்று. 50 ஆண்டுக் காலத்தில் ஒருமுறையாவது அது மீறப்படும் வாய்ப்பு 1 − 0.98⁵⁰, அதாவது 64%. நிலநடுக்க வடிவமைப்பில் பழகிப்போன 475 ஆண்டு என்பதும் இப்படி வந்ததுதான்: 50 ஆண்டில் 10% வாய்ப்பு. காலம் சொல்லாத நிகழ்தகவை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: எல்லை நிலை

தாங்குதிறனிலிருந்து சுமையின் விளைவைக் கழியுங்கள். மிச்சம் நேர்மமாக இருந்தால் பீம் நிற்கிறது, எதிர்மமானால் தோற்கிறது. நம் பீமுக்கு (டெட் லோடு என்பது கட்டடத்தின் சொந்த எடை):

மிச்சம் = தாங்கும் மொமென்ட் − டெட் லோடு மொமென்ட் − லைவ் லோடு மொமென்ட்

இந்த ஒரு வரிதான் எல்லை நிலைச் சமன்பாடு. விரிசல் அகலம், தொய்வு, அடித்தளம் இறங்குவது என எதற்கு வேண்டுமானாலும் இப்படி ஒரு வரி எழுதலாம். அதில் வரும் ஒவ்வொரு உறுப்பும் இனி ஒற்றை எண் அல்ல, ஒரு பரவல்.

மூன்றாம் படி: எண்களைச் சேர்ப்பது

உழைப்பில் பெரும்பங்கு இங்கேதான் போகும், போகவும் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மென்பொருளைக் கற்பதில் வாரக்கணக்கில் செலவிட்டுவிட்டு, உள்ளீட்டு எண்களை ஏதோ ஓர் அட்டவணையிலிருந்து ஐந்து நிமிடத்தில் எடுத்துப் போடுவதைப் பார்க்கிறேன். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாறிக்கும் இரண்டு எண்கள் தேவை: சராசரி, மாறுபாட்டுக் கெழு. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் வருவது மாறுபாட்டுக் கெழு.

சராசரியை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தரநிலை தரும் சிறப்பு வலிமை சராசரி அல்ல. பொதுவாக அது 5% மாதிரிகள் மட்டுமே அதற்குக் கீழே விழக்கூடிய மதிப்பு. ஸ்டீலின் பெயரளவு ஈல்டு வலிமை 250 மெகாபாஸ்கல் என்றால் உண்மைச் சராசரி அதைவிட மேலே இருக்கும். நாம் 280 என்று எடுப்போம். நிகழ்தகவுக் கணக்கில் 250ஐயே சராசரியாகப் போட்டால், தரநிலை ஏற்கெனவே கழித்துவைத்த பாதுகாப்பை இன்னொரு முறை கழித்தவர்கள் ஆவோம்.

தாங்குதிறனின் சிதறல் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. பொருளின் வலிமை: 0.07. வெட்டுமுகத்தின் அளவுகள்: 0.03. நாம் பயன்படுத்தும் சூத்திரமே உண்மையிலிருந்து விலகுவது: 0.05. மூன்றாவதை மறப்பவர்கள் அதிகம். வளைவுக்கான சூத்திரம் நன்றாகப் பொருந்தும், ஆகவே அதன் பிழை சிறியது. ஸ்டிரப் (ஷியரைத் தாங்கும் கம்பி வளையம்) இல்லாத கான்கிரீட் உறுப்பின் ஷியர் போன்றவற்றில் சூத்திரத்தின் பிழையே பொருளின் சிதறலை விழுங்கிவிடும். மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.091.

செக்‌ஷன் மாடுலஸ் (வெட்டுமுகத்தின் வடிவத்தைப் பொறுத்த வளைவெதிர்ப்பு அளவு) 1200 கன சென்டிமீட்டர், அதை 280ஆல் பெருக்கினால் தாங்கும் மொமென்ட். ஆகவே:

தாங்கும் மொமென்ட்: சராசரி 336, திட்ட விலக்கம் 30.6
டெட் லோடு மொமென்ட் (மீட்டருக்கு 18 கிலோநியூட்டன்): சராசரி 81, கெழு 0.08, திட்ட விலக்கம் 6.5
லைவ் லோடு மொமென்ட் (மீட்டருக்கு 20 கிலோநியூட்டன்): சராசரி 90, கெழு 0.25, திட்ட விலக்கம் 22.5

இங்கே லைவ் லோடு என்பது 50 ஆண்டில் வரக்கூடிய அதிகபட்சச் சுமை. சாதாரண ஒரு நாளில் பீம் மேல் இருப்பது அல்ல, ஓர் ஆண்டின் உச்சமும் அல்ல. ஆண்டு உச்சத்தின் தரவு மட்டும் கையில் இருந்து, அது கம்பெல் பரவலை (உச்ச மதிப்புகளுக்கான ஒரு பரவல்) பின்பற்றினால், 50 ஆண்டு உச்சத்துக்கு மாறுவது சுலபம்: திட்ட விலக்கம் மாறாது, சராசரி மட்டும் திட்ட விலக்கத்தில் ஏறக்குறைய 3 மடங்கு மேலே நகரும். இந்த நகர்த்தலை விட்டுவிட்டால் பின்னால் வரும் விடை எதையும் நம்ப முடியாது.

மண்ணுக்கு இப்படி எளிதாக எண் கிடைக்காது. களிமண்ணின் ஷியர் வலிமையில் ஒரே தளத்துக்குள்ளேயே 30 அல்லது 40% சிதறல் சாதாரணம். ஆனால் ஒரு நீண்ட பைல் (மண்ணுக்குள் இறக்கும் அடித்தளத் தூண்) அந்தச் சிதறலைத் தன் நீளம் முழுக்கச் சராசரியாக்கிக்கொள்கிறது. ஒரு புள்ளியின் சிதறலை அப்படியே பைலுக்குப் போட்டால் தேவைக்கு மேல் பயப்படுவோம்.

நான்காம் படி: கையால் ஒரு விடை

மென்பொருளுக்குப் போகும் முன் இதைக் காகிதத்தில் செய்துவிடுங்கள். எல்லாமே இயல்நிலைப் பரவல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால் மிச்சத்தின் சராசரி 336 − 81 − 90 = 165. அதன் திட்ட விலக்கம் √(30.6² + 6.5² + 22.5²) = 38.5. இரண்டையும் வகுத்தால் 4.28.

இந்த எண்ணைத்தான் நம்பகத்தன்மைச் சுட்டெண் என்கிறார்கள், எல்லோரும் பீட்டா என்றே கூப்பிடுகிறார்கள். தோல்விக்கும் சராசரிக்கும் நடுவே எத்தனை திட்ட விலக்கங்கள் இடைவெளி இருக்கிறது என்பதே அதன் பொருள். இயல்நிலைப் பரவலின் அட்டவணையிலிருந்து அதை நிகழ்தகவாக மாற்றலாம். பீட்டா 2 என்றால் நூற்றில் 2.3. பீட்டா 3 என்றால் ஆயிரத்தில் 1.35. 3.72க்குப் பத்தாயிரத்தில் 1. 4.75க்குப் பத்து இலட்சத்தில் 1. நம் 4.28க்குப் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 9.

இன்னொன்றும் இதே கணக்கில் கிடைக்கும். வர்க்கமூலத்துக்குள் இருக்கும் மூன்று உறுப்புகளின் பங்கைப் பாருங்கள்: தாங்குதிறன் 63%, லைவ் லோடு 34%, டெட் லோடு 3%. உங்கள் ஐயம் எங்கிருந்து வருகிறது என்பதை இது சொல்கிறது. இதன்படி ஸ்டீலைச் சோதிக்கப் பணம் செலவிடுவதே பலன் தரும்.

இந்த முடிவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படியில் அது கவிழப்போகிறது.

ஐந்தாம் படி: பரவலின் வால்

தோல்வி சராசரிக்குப் பக்கத்தில் நடப்பதில்லை. பரவலின் வாலில், எப்போதோ ஒருமுறை வரும் சுமையும் வழக்கத்துக்குக் குறைந்த வலிமையும் சந்திக்கும் இடத்தில் நடக்கிறது. ஆகவே எந்தப் பரவலைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அலங்கார விஷயம் அல்ல, விடையே அதில்தான் இருக்கிறது.

வலிமைக்கு இயல்நிலைப் பரவலைப் போடுவதில் உள்ள சிக்கலைப் பாருங்கள். மாறுபாட்டுக் கெழு 0.30 உள்ள ஒரு பொருளுக்கு இயல்நிலைப் பரவல் போட்டால், வலிமை பூச்சியத்துக்குக் கீழே போக அது தரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் 4. உலகில் இல்லாத எதிர்ம வலிமைக்கே அவ்வளவு வாய்ப்பு என்றால், பத்தாயிரத்தில் 1 என்ற தோல்வியை அந்தப் பரவலை வைத்து எப்படித் தேடுவது? அதனால்தான் வலிமைகளுக்கு லாக்நார்மல் (மடக்கை எடுத்தால் இயல்நிலையாகும் பரவல்) வழக்கம். அது பூச்சியத்துக்குக் கீழே போகாது.

நீண்ட காலத்தின் உச்சச் சுமைக்குக் கம்பெல் பரவல் வழக்கம். பல மதிப்புகளில் பெரியதை மட்டும் எடுத்துக்கொண்டே போனால் பரவலின் வலது வால் நீள்கிறது. இயல்நிலைப் பரவல் அந்த வாலைக் குட்டையாக வெட்டிவிடும்.

நம் பீமுக்குத் தாங்குதிறனை லாக்நார்மலாகவும், டெட் லோடை இயல்நிலையாகவும், லைவ் லோடைக் கம்பெலாகவும் மாற்றுவோம். சராசரியும் திட்ட விலக்கமும் அதே எண்கள்தான், ஒரு தசமம்கூட மாறவில்லை. இப்போது பீட்டாவை நேரடியாக வகுத்து எடுக்க முடியாது. ராக்விட்ஸ்–ஃபீஸ்லர் முறையில், தோல்வி நிகழ அதிக வாய்ப்புள்ள புள்ளியை ஊகித்து, அந்தப் புள்ளியில் ஒவ்வொரு பரவலுக்கும் சமமான ஓர் இயல்நிலைப் பரவலைப் பொருத்தி, பீட்டாவைக் கணக்கிட்டு, அது தரும் புதிய புள்ளியில் மறுபடியும் பொருத்த வேண்டும். சில சுற்றுகளில் விடை நிலைத்துவிடும்.

விடை: பீட்டா 3.57. தோல்வி வாய்ப்பு பத்தாயிரத்தில் ஏறக்குறைய 2. முன்பு பத்து இலட்சத்தில் 9 ஆக இருந்தது, இப்போது அதைப் போல 20 மடங்கு.

இதைவிட முக்கியமானது பங்குகளில் நடந்த மாற்றம். லைவ் லோடு 83%, தாங்குதிறன் 16%, டெட் லோடு 1%. தோல்விப் புள்ளியைப் பார்த்தால் காரணம் புரியும்: லைவ் லோடு மொமென்ட் 211, தாங்குதிறன் 294. ஸ்டீல் அதன் சராசரியிலிருந்து கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. சுமையோ தன் சராசரி 90ஐப் போல இரண்டு மடங்குக்கு மேலே ஏறியிருக்கிறது. இந்தப் பீம் தோற்றால் மோசமான ஸ்டீலால் தோற்காது, அந்தத் தளத்தில் யாரோ எதையோ குவித்துவைத்ததால் தோற்கும்.

நிகழ்தகவு முறையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். 3.57 என்ற எண்ணைவிட, எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று அது காட்டுவதற்கு மதிப்பு அதிகம். அதே காரணத்தால்தான் இந்த முறையைக் கவனமில்லாமல் கையாண்டால் தவறான இடத்தைக் கைகாட்டிவிடும். நான்காம் படியோடு நின்றிருந்தால் ஸ்டீலைச் சோதித்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்போம்.

ஆறாம் படி: மான்டி கார்லோவில் சரிபார்ப்பு

மேலே சொன்ன சுற்றுக் கணக்கு புரியவில்லை என்றாலும் பரவாயில்லை, தற்போக்கு எண்களால் ஏராளமான கற்பனைப் பீம்களை உருவாக்கி, விழுபவற்றை எண்ணும் இந்த வழியில் அதே விடைக்கு வரலாம். எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒரு கற்பனைப் பீம். அ, ஆ இரண்டும் சராசரி 0, திட்ட விலக்கம் 1 உள்ள இயல்நிலை எண்கள், இ என்பது 0க்கும் 1க்கும் இடையே சம வாய்ப்போடு வரும் ஏதோ ஒரு எண், மூன்றும் ஒவ்வொரு வரிசைக்கும் புதிதாக. மடக்கை எல்லாம் இயல் மடக்கை (எக்செல்லில் LN, அதன் எதிர்மாறு EXP).

தாங்குதிறன் = மடக்கையின் எதிர்மாறு (5.813 + 0.0909 × அ)
டெட் லோடு = 81 + 6.48 × ஆ
லைவ் லோடு = 79.87 − 17.54 × மடக்கை(−மடக்கை(இ))

மிச்சம் எதிர்மமாக வரும் வரிசைகளை எண்ணி, மொத்த வரிசைகளால் வகுத்தால் தோல்வி வாய்ப்பு. அவ்வளவுதான்.

எத்தனை வரிசை போட வேண்டும் என்பதில்தான் தடுமாற்றம் வரும். பத்தாயிரம் வரிசை போட்டால் சராசரியாக இரண்டு பீம் விழும். ஆறேழு தடவைக்கு ஒரு தடவை ஒரு பீம்கூட விழாது, அப்போது எக்செல் "தோல்வி வாய்ப்பு பூச்சியம்" என்று காட்டும். அதை நம்பிவிடாதீர்கள். விடையின் பிழையை 10% அளவுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 100 தோல்விகளையாவது பார்த்தாக வேண்டும். நம் பீமுக்கு அது ஐந்து இலட்சம் வரிசைக்கு மேல். எக்செல் திணறும், பைத்தானுக்கு ஒரு நொடி வேலை. ஒவ்வொரு வரிசைக்கும் முழுப் பாலத்தின் பகுப்பாய்வை ஓட்ட வேண்டி வந்தால் அங்கே இந்த நேர்வழி ஓடாது. தோல்விப் பக்கமாக மாதிரிகளைக் குவித்து எடுக்கும் முறைகள் அதற்கென்றே உள்ளன. ஆனால் அவற்றுக்குப் போகும் முன் இந்த எளிய வடிவத்தைக் கையால் ஒருமுறை செய்திருப்பது நல்லது.

ஏழாம் படி: எவ்வளவு போதும்?

ஐரோப்பாவின் கட்டுமானத் தரநிலைத் தொகுப்பான யூரோகோடின் அடிப்படைத் தரநிலையில் சாதாரணக் கட்டடங்களுக்கு 50 ஆண்டுக்குப் பீட்டா 3.8. விளைவு கடுமையாக இருக்கும் கட்டடங்களுக்கு 4.3, விளைவு குறைவாக இருப்பவற்றுக்கு 3.3. ஓர் ஆண்டுக்கான மதிப்பாகச் சொன்னால் 3.8 என்பது 4.7 ஆகிறது. 4.7 தரும் நிகழ்தகவை 50ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 3.8க்கு உரியது வரும். இரண்டும் ஒரே இலக்கு, காலம் மட்டும் வேறு. ஆண்டுக் கணக்கில் எடுத்த பீட்டாவை 3.8ஓடு ஒப்பிட்டுவிட்டு "தாண்டிவிட்டது" என்று எழுதினால் பாதுகாப்பை மிகையாகச் சொன்னதாகும்.

நம் பீம் 3.57. இலக்குக்குக் கீழே. செக்‌ஷன் மாடுலஸைச் சுமார் 6% கூட்டினால் 3.8ஐத் தொடும். வரைபடத்தில் இருக்கும் பீமுக்கு அது ஒரு அளவு பெரிய வெட்டுமுகத்தைத் தேர்ந்தெடுப்பதோடு முடிந்துவிடும். ஏற்கெனவே கட்டி ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் கட்டடத்தில் அதே 6% மிகப் பெரிய செலவு. கட்டமைப்புப் பாதுகாப்புக்கான கூட்டுக் குழு தன் மாதிரி விதிகளில் இலக்கு பீட்டாவை இரண்டு விஷயங்களோடு இணைத்துத் தருகிறது: தோல்வியின் விளைவு, பாதுகாப்பைக் கூட்ட ஆகும் ஒப்பீட்டுச் செலவு. இது நியாயமானது. மனித உயிருக்கான அடிமட்ட எல்லையை மட்டும் செலவைக் காட்டிக் கடக்கக் கூடாது.

எட்டாம் படி: ஏற்கெனவே நிற்கும் கட்டமைப்பு

இருக்கும் கட்டமைப்பில் ஒரு பெரிய வசதி உண்டு: அதைத் தொட்டுப் பார்க்கலாம். ஒரு பெரிய தொல்லையும் உண்டு: துரு. நம் பீமின் செக்‌ஷன் மாடுலஸில் துரு 10% தின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டால் பீட்டா 3.1க்கு இறங்குகிறது, அதாவது ஆயிரத்தில் 1. பத்து சதவீத இழப்புக்கு ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல்.

சோதனைகளின் பலனைக் கணக்கில் சேர்க்கப் பேய்ஸ் விதி (முன் நம்பிக்கையைப் புதிய தரவால் திருத்தும் விதி) உதவும். ஸ்டீலின் வலிமைச் சிதறலை இரண்டாகப் பிரிப்போம். ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் இடையே 17 மெகாபாஸ்கல், ஒரே தொகுதிக்குள் 10. இரண்டும் சேர்ந்துதான் முன்பு எடுத்த 0.07. இப்போது பீமிலிருந்து மூன்று மாதிரிகளை வெட்டிச் சோதிக்கிறோம், சராசரி 262 வருகிறது. மூன்று மாதிரிச் சராசரியின் பிழை 10 ÷ √3 = 5.8. முன் நம்பிக்கைக்கு 17இன் வர்க்கத்தின் தலைகீழி எடை, சோதனைக்கு 5.8இன் வர்க்கத்தின் தலைகீழி எடை. இரண்டையும் எடையிட்டுச் சேர்த்தால் புதிய சராசரி 264. வலிமையின் மொத்தக் கெழு 0.07இலிருந்து 0.043க்குக் குறைகிறது.

ஆக, ஸ்டீல் நினைத்ததைவிடக் கொஞ்சம் பலவீனமானது, ஆனால் அதைப் பற்றிய நம் அறிவு உறுதியானது. இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? நான்காம் படியின் எளிய கணக்கில் போட்டால் பீட்டா 4.28இலிருந்து 4.44க்கு ஏறுகிறது. கம்பெல் கணக்கில் போட்டால் 3.57இலிருந்து 3.4க்கு இறங்குகிறது. ஒரே சோதனை, ஒரே எண்கள், இரண்டு எதிரெதிர் முடிவுகள். ஆபத்து சுமையின் பக்கம் இருக்கும்போது ஸ்டீலைப் பற்றிய ஐயம் குறைவதால் கிடைக்கும் லாபம் சொற்பம், வலிமை குறைந்ததால் வரும் நட்டம் முழுசாக நிற்கிறது. பீட்டா ஏறியதா இறங்கியதா என்பதைப் பரவலின் தேர்வே தீர்மானித்துவிட்டது. வாலைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான். இந்தப் பீமுக்கு என் ஆலோசனை: நான்காவது மாதிரியை வெட்ட வேண்டாம். அந்தத் தளத்தில் உண்மையில் என்ன சுமை வருகிறது என்று கணக்கெடுங்கள், முடிந்தால் சுமை வரம்பு வைத்து அதை நடைமுறையில் காப்பாற்றுங்கள்.

ஒரு பீமிலிருந்து முழுக் கட்டமைப்புக்கு

ஒன்று உடைந்தால் எல்லாம் விழும் அமைப்பில் பத்து உறுப்புகள், ஒவ்வொன்றும் பத்தாயிரத்தில் 1 என்றால், அவை தொடர்பில்லாதவையாக இருக்கும்பட்சத்தில் மொத்தம் ஆயிரத்தில் 1. எல்லாம் ஒரே தொகுதி ஸ்டீல், ஒரே சுமை என்று முழுக்க இணைந்தே ஆடினால் மொத்தமும் பத்தாயிரத்தில் 1தான். உண்மை இரண்டுக்கும் நடுவே இருக்கும், இரண்டு எல்லைகளையும் எழுதிவிடுவது பாதுகாப்பு. மாற்றுப்பாதை உள்ள அமைப்பில் நிலைமை தலைகீழ்: அங்கே உறுப்புகள் இணைந்து ஆடுவதுதான் ஆபத்து. இரண்டு நிகழ்தகவுகளைப் பெருக்கிக் கண்ணுக்குத் தெரியாத சிறிய எண்ணை எழுதும் முன், இரண்டையும் ஒரே காரணம் வீழ்த்த முடியுமா என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் ஓஹியோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 அன்று விழுந்து 46 பேர் இறந்தார்கள். கண்போல் துளையிட்ட ஸ்டீல் பட்டைகளைக் கோத்த சங்கிலியில் அது தொங்கியது, ஒரு கண்ணிக்கு இரண்டே பட்டைகள். ஒரு பட்டையில் இருந்த சிறு விரிசல் வளர்ந்து அது முறிந்ததும், மற்றதால் பிடித்து நிறுத்த முடியவில்லை, பாலம் முழுக்கச் சரிந்தது. இப்படிப்பட்ட அமைப்பில் ஒவ்வொரு பட்டையின் பீட்டாவும் முழுப் பாலத்தின் உயிர்.

எண்ணுக்குள் வராதவை

2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாபொலிஸில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். டிரஸ்ஸின் சில மூட்டுகளில் இருந்த குஸெட் தகடுகள் தேவையான தடிமனில் ஏறக்குறைய பாதிதான் இருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. அது வடிவமைப்புப் பிழை. அதன் மேல், பின்னாளில் கூடிய பாலத்தின் எடையும் அன்று மேலே குவித்திருந்த கட்டுமானப் பொருள்களும் சேர்ந்துகொண்டன. எந்தப் பரவலும், எந்த மான்டி கார்லோவும் இந்தத் தகட்டைக் கண்டுபிடித்திருக்காது. நம் கணக்கில் வரும் நிகழ்தகவு, வரைபடம் சரி, கட்டியவர்கள் வரைபடப்படி கட்டினார்கள் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. அதை விபத்துப் புள்ளிவிவரங்களோடு ஒப்பிடக் கூடாது. இரண்டு கட்டமைப்புகளில் எது மேல், எந்தப் பழுதை முதலில் சரிசெய்வது என்று ஒப்பிடத்தான் அது சரியான கருவி. மனிதப் பிழைக்கு மருந்து வேறு: கணக்கை இன்னொருவர் தனியாகச் சரிபார்ப்பது, களத்தில் அளந்து பார்ப்பது, ஓர் உறுப்பு போனாலும் விழாத அமைப்பைத் தேர்ந்தெடுப்பது.

அறிக்கையில் என்ன எழுதுவது

பீட்டா 3.57 என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்த உறுப்பு, எந்தத் தோல்வி, எத்தனை ஆண்டு என்பதை முதல் வரியில் சொல்லுங்கள். ஒவ்வொரு மாறிக்கும் சராசரி, கெழு, பரவல், அந்த எண் அளந்ததா, தரநிலையிலிருந்து எடுத்ததா, அனுபவத்தால் ஊகித்ததா என்பதை ஓர் அட்டவணையில் தாருங்கள். ஊகித்ததை ஊகம் என்றே எழுதுங்கள். பங்குகளைத் தாருங்கள். பின்பு, அதிகப் பங்குள்ள மாறியின் பரவலையும் கெழுவையும் நியாயமான அளவுக்கு மாற்றிப் போட்டு, பீட்டா எங்கிருந்து எங்கே வரை போகிறது என்று காட்டுங்கள். நம் பீமின் அறிக்கையில் எல்லாமே இயல்நிலை என்றால் 4.28, லைவ் லோடு கம்பெல், தாங்குதிறன் லாக்நார்மல் என்றால் 3.57 என்ற இரண்டு வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், நாம் ஏன் இரண்டாவதை ஏற்றோம் என்ற காரணத்தோடு. அதைப் படிக்கும் இன்னொரு பொறியாளர் அதே எண்களைப் போட்டு அதே விடைக்கு வரவும், காரணத்தில் உடன்பாடில்லை என்றால் எந்த வரியில் கைவைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் இவ்வளவு போதும்.